இங்கா மென்ற கவசம்

என் பேத்தி இங்காவுக்கு வலது கன்னம் வலித்தது. வாயைத் திறந்தால் காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம் வேறு. ரொட்டியைக்கூட பாலில் ஊறவைத்துத்தான் தின்றாள்.

சனிக்கிழமை டூலூத் நகரத்தில் பனி ஹாக்கி இறுதி ஆட்டம். பாய்ந்து வரும் வட்டைத் தடுக்கும் கோல்கீப்பர் அவள்தான்.

"கடைவாய்ப் பல்லு கெட்டுப்போச்சு. போனதும் புடுங்கிருவாங்க," என்றேன். பல் டாக்டர்களை நான் நம்புவதில்லை. குறடு கையில் இருந்தால் சும்மா இருக்குமா?

"புடுங்கினா சனிக்கிழமை ஆட முடியுமா தாத்தா?"

"வாய் நெறையப் பஞ்சோடயா?"

அவள் முகம் வெளுத்தது. பல் டாக்டரிடம் போகும் வழியெல்லாம் கோட்டுப் பைக்குள் எதையோ பிசைந்துகொண்டே வந்தாள்.

டாக்டர் லுண்ட் ஓர் இளம்பெண். பற்களைத் தட்டிப் பார்த்தார். வலிக்கவில்லை. காதுக்கு முன்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். 'டக்'. அங்கும் வலி இல்லை.

பிறகு கன்னத்துச் சதையை அழுத்தினார். இங்கா துள்ளினாள்.

"இது நான் அழுத்துறதால வர்ற புது வலியா, உனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வலியா?"

இங்கா என்னைப் பார்த்தாள். 'வலிக்கவே இல்லை' என்று சொன்னால் குறடு வராது. ஆட்டமும் கைவிட்டுப் போகாது.

"எனக்குத் தெரிஞ்ச அதே வலிதான் டாக்டர்," என்றாள் அழுகையோடு. "ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் வரும்."

சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். பைக்குள்ளிருந்து, ஆடும்போது பல்லுக்குப் போடும் ரப்பர் கவசத்தை எடுத்தாள். வலது பக்கம் மட்டும் சப்பையாகிக் கிடந்தது.

"வட்டு எங்க பக்கம் வந்தாலே பயத்துல இத மெல்லுவேன். இதனாலயா?"

"பாதி வேலைய நீயே முடிச்சிட்ட!" டாக்டர் சிரித்தார். "பல்லு நல்லாருக்கு. தாடை மூட்டுல வெறும் சத்தம்தான். சதைதான் களைச்சுப்போச்சு. வெந்நீர் ஒத்தடம் குடு. புதுக் கவசம் தர்றேன். மெல்லாம இருந்தா ஆடலாம்."

"அப்போ குறடு?" என்றேன்.

"உங்களுக்கு வேணும்னா எடுக்கறேன் பெரியவரே."

இங்கா யோசித்தாள். "மெல்லத் தோணினா 'லா லா'ன்னு பாடிக்கறேன். பாடும்போது பல்லும் பல்லும் ஒட்டாதுல்ல?"

சனிக்கிழமை. கடைசி நிமிடம். இரு பக்கமும் தலா ஒரு கோல். வட்டு பாய்ந்து வந்தது. கோலிலிருந்து "லா லா லா" என்று கத்தலாகவே கேட்டது. தடுத்துவிட்டாள்!

ஆட்டம் ஒரு கணம் நின்றது. அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று என் கன்னத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"தாத்தா! பல்லக் கடிக்காத!"

அப்போதுதான் என் தாடை வலிப்பது எனக்கே தெரிந்தது.

"லா லா லா," என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.