ஆறாம் மாடிக்கு இரண்டு பை ரத்தம்

மூன்றாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது. 'ஆள் அதிகம்' என்ற சிவப்பு எழுத்து எரிந்தது. உள்ளே இருந்ததோ அவள் ஒருத்திதான்.

மத்தியானம் பன்னிரண்டரை. அவள் அந்த மருத்துவமனையின் ரத்த வங்கியில் டெக்னீஷியன். கையில் இருந்த குளிர்ப்பெட்டியில் இரண்டு பை ரத்தம். ஆறாம் மாடியில் குழந்தை பெற்றவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. "ஓடி வாடி" என்று நர்ஸ் அக்கா ஃபோனில் கத்தியது இன்னும் காதிலேயே இருந்தது. இந்த நேரம் பார்த்துத்தானா இந்தச் சனியன் மக்கர் பண்ண வேண்டும்?

பொத்தான்களுக்குக் கீழே ஹாட்லைன் ஃபோன். அதில் எண்களே கிடையாது; ரிசீவரைத் தூக்கினால் போதும், நேராகக் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஆபத்துக்கென்று வைத்த ஃபோனை எடுக்கக்கூட நாதியில்லையா என்று அவள் பல்லைக் கடித்தபோது, எதையோ மென்றபடி ஆபரேட்டரின் குரல் வந்தது.

"சொல்லுங்க மேடம்."

"அண்ணே, அவசரமா ரத்தம் கொண்டு போறேன். மேல அனுப்புங்க."

"ஓவர்லோடு காட்டுதே. கூட எத்தனை பேரு?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

"விளையாடாதீங்க மேடம். ஐநூத்தி எண்பது கிலோ காட்டுது. ரெண்டு பேரு இறங்கினாத்தான் நகரும்."

"நடுவுல நிக்குது, எங்கண்ணே இறங்குறது? என் எடையே அம்பத்திரெண்டுதான்! உங்க மிஷினைப் பாருங்க முதல்ல!"

மெல்லும் சத்தம் நின்றது.

"அறுநூத்தி இருபது... மேடம், கூடிக்கிட்டே போகுது. நின்ன லிஃப்ட்ல எப்படி ஆள் ஏறுவாங்க?"

திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டைகட்டி வைத்ததுபோல ஒரு வாடை, முதலில் லேசாகவும் பிறகு தொண்டையை அடைக்கும்படியும், அவளைச் சுற்றி எழுந்தது. எதிரே பளபளத்த எஃகுச் சுவரில் வட்டமாக ஆவி படிந்தது. ஒரு வாய் ஊதியதுபோல. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே, இடுப்பு உயரத்தில், ஒரு சின்ன வட்டம்.

மறைந்தன. மறுபடி படிந்தன.

மூச்சு.

தோளில் எதுவோ உரசியது. முதுகில் இன்னொன்று. ரிசீவர் கைநழுவித் தொங்கியது. எடுக்கக் குனிந்தாள். குனிய இடமில்லை.

"கையால ஓட்டிப் பாக்கிறேன் மேடம்," என்று தொங்கிய ரிசீவர் சொன்னது.

லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. நாலு. ஐந்து. ஆறு. கதவு திறந்தது.

நேர் எதிரே நர்ஸ் அக்கா, கை நீட்டியபடி. அக்காவின் கண்கள் அவளைத் தொடவே இல்லை. அங்குமிங்கும் அலைந்தன. முகம் சுளித்தது.

"இத்தனை பேரா? கொஞ்சம் வழி விடுங்களேன்! ரத்தத்தோட ஒரு பொண்ணு வரணும். உள்ள இருக்காளா?"

இங்கேதான் இருக்கேன்க்கா. சொல்ல மூச்சு வரவில்லை. நெஞ்சை நெருக்கினார்கள். பெட்டியைத் தூக்கிக் காட்டக் கை எழவில்லை.

"ஒருத்தராவது நகர்றாங்களா பாரு!"

கதவு மூடத் தொடங்கியது. குறுகிக்கொண்டே வந்த இடைவெளியில், கால் விரல்களை ஊன்றி எம்பி எம்பி, நர்ஸ் அக்கா அவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.