மூலை தாண்டிய பெயின்ட்

சுவரின் நடுவில் ரோலரை நிறுத்தினால் காய்ந்த பிறகு அந்த இடம் தழும்பாகத் தெரியும் என்று பெயின்ட் கடைக்காரர் சொல்லியிருந்ததால், ஹாலின் முதல் சுவரை மூலை வரை முழுசாக முடித்துவிட்டுத்தான் அவள் டீ போடப் போனாள். திரும்பி வந்தபோது பெயின்ட் மூலையைத் தாண்டி அடுத்த சுவரில் ஒரு முழம் ஓடியிருந்தது.

"என்னங்க, அந்தச் சுவரை இன்னும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே இல்ல. அதுக்குள்ள ஏன் அடிச்சீங்க?"

கணவர் பால்கனியிலிருந்து தலையை நீட்டினார். "நானா? ஜன்னல் சட்டத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். நீயே அடிச்சிட்டு மறந்திருப்ப."

மனுஷனுக்கு இதே பிழைப்பு. டிவி ரிமோட்டை ஒளித்து வைத்துவிட்டு, கூடவே சேர்ந்து தேடுகிற ஆள். இன்றைக்குமா இந்தக் கூத்து என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியாட்களை விட்டால் ஒரே மூச்சில் வீடு முழுக்க அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாலு வயதுக் குட்டிக்கு வீசிங், பெயின்ட் வாடை பட்டாலே நெஞ்சு கீச்கீச்சென்று இழுக்கும். அதற்குப் பயந்துதான் வாடை குறைந்த பெயின்டாக வாங்கி, குட்டியை உள் அறையில் தூங்கவைத்து, கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரத்துண்டை அடைத்துவிட்டு, இருவருமே வேலையில் இறங்கியிருந்தார்கள்.

அந்த ஒரு முழத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். வெண்ணெய் நிறப் பெயின்ட் அச்சடித்தாற்போல் நின்றது. ரோலர் தடமும் இல்லை, ஒரு சொட்டு வழிந்த கோடும் இல்லை. இவர் அடித்தால் பாதி சுவருக்கும் பாதி தலைக்கும் போகுமே! இந்தக் கைநேர்த்தி எங்கிருந்து வந்தது?

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பினாள். பெயின்ட் சுவிட்ச் போர்டு வரை வந்துவிட்டது. போர்டின் மேலேயே ஏறியிருந்தது. தடவிப் பார்த்தால்தான் சுவிட்ச் இருப்பதே தெரிந்தது.

"இது என்னங்க அநியாயம்?"

அவர் வந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் இல்லடி. குட்டி மேல சத்தியம்."

விளையாட்டுக்குக்கூட அவர் குட்டி மேல் சத்தியம் செய்ததில்லை. இருந்தாலும் அவள் நம்பவில்லை. நம்பினால் அடுத்து எதை நினைக்க வேண்டியிருக்குமோ, அது அவளுக்கு வேண்டாம்.

அவர் பெயின்ட் வாளியை எட்டிப் பார்த்தார். "ஒண்ணரைச் சுவருக்கே காலியா? குடிச்சியா என்ன? இன்னொரு டப்பா வாங்கிட்டு வரேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தார். தெருமுனையில் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைவதை அவள் நின்று கேட்டாள்.

வீடு அமைதியானது. சுவர் ஓரத்திலிருந்து இழுத்து நடுவில் குவித்திருந்த சோபாவும் மேஜையும் பழைய போர்வைக்கடியில் மேடுபோலக் கிடந்தன. மத்தியான வெயில் தரையில் விழுந்திருந்தது. பக்கத்துவீட்டு மிக்சி ஓடி ஓய்ந்தது. அதற்கு அப்புறம்தான் அந்தச் சத்தம். சளக். சளக். ஈர ரோலர் சுவரில் ஏறி இறங்கும் சத்தம். உள் அறையிலிருந்து.

ஓஹோ, பின்பக்கமாக வந்துவிட்டாரா! கோபத்தோடு போனை எடுத்தாள்.

"விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்குங்க. முதல்ல குட்டி ரூமை விட்டு வெளிய வாங்க."

"எந்த ரூம்? நான் கடையில நிக்கறேன்." அவர் குரலுக்குப் பின்னால் பெயின்ட் டப்பாவைக் குலுக்கும் மெஷின் கடகடவென்று ஓடியது. "என்னாச்சு? ஏய், பேசு!"

அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டாவது சுவர் முடிந்திருந்தது. மூன்றாவதும். அங்கிருந்து நடைவழி. நடைவழியிலிருந்து உள் அறை.

ஓடினாள்.

ஈரத்துண்டு வெண்ணெய் நிறம். கதவும் அதே நிறம். கைப்பிடி வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள்.

திறந்தது.

சளக் சத்தம் நின்றது.

உள்ளே அறை என்று எதுவும் தெரியவில்லை. கட்டில் இல்லை. ஜன்னல் இல்லை. மூலை இல்லை. எங்கும் ஒரே நிறம்.

கீச்... கீச்...

குட்டியின் மூச்சு.

"குட்டி! எங்கம்மா இருக்க?"

"இங்கதாம்மா." குரல் கிட்டத்தில் கேட்டது. "உன் முன்னாடிதான் நிக்கறேன்."

முன்னால் யாரும் இல்லை. கையை நீட்டினாள். ஈர முடி. ஈரக் கன்னம். மூச்சுக்குத் தவித்துத் திறந்திருக்கும் சின்ன வாய். கண்ணுக்கு வெறும் வெண்ணெய் நிறம்.

"அம்மா, அது திரும்பி வருதும்மா..."

சளக்.

அவள் விரல்களின் மேல் ஏதோ குளிர்ச்சியாக உருண்டு போனது. விரல்களுக்கடியில் இப்போது வாய் இல்லை. வழவழவென்று சுவர்.