பத்துக்கு இரண்டு

செவ்வாய்க் கோளின் செங்குழிக் குடியிருப்பில், நான்காம் குமிழின் அபாய ஒலிக்கு மக்கள் கொடுத்திருந்த மதிப்பெண் ஐந்துக்கு 1.3. 'காது வலிக்கிறது', 'சமையல் நேரத்தில் தொந்தரவு', 'ராகம் சரியில்லை' என்றெல்லாம் கருத்துகள். போன வருடம் நாற்பத்தொரு தடவை அது சும்மா சும்மா கூவியது உண்மைதான். மதிப்பெண்ணுக்குப் பயந்த நிர்வாகம், வேண்டாதவர்கள் அதை நிறுத்திக்கொள்ளலாம் என்று வசதி செய்து கொடுத்துவிட்டது. குமிழில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேராவது விட்டு வைத்திருக்கக் கூடாதா? எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

அபாய ஒலி என்றதும் கூரையில் கட்டிய சங்கை நினைக்க வேண்டாம். பிறந்த மூன்றாம் மாதம் காதுக்குள் பதிக்கும் செவிமணி என்ற அரிசியளவுச் சில்லில் கேட்பது அது. எதைக் கேட்பது, எதை விடுவது என்பது அவரவர் இஷ்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்று நாற்பதுக்கு நான்காம் குமிழின் செவிமணிகளுக்கெல்லாம் அபாய ஒலி போனது. ஒரு காதிலும் விழவில்லை.

குமிழும் தரையும் சேரும் இடத்தில் ஓர் அடைப்பு வளையம் உண்டு. உள்ளே இருக்கும் காற்றை உள்ளேயே வைத்திருப்பது அதுதான். பராமரிப்புப் பொறியாளன் மைதீன் அதில் ஒரு கீறலைக் கண்டான். முதலில் பார்த்தபோது விரல் நீளம். கருவியை எடுத்து வருவதற்குள் ஒரு முழம். நான்கு மணிக்கு மேல் தாங்காது என்றது கருவி.

மைதீன் நிர்வாகத்தை அழைத்தான். நிர்வாகப் பொறி தேன் போன்ற குரலில், "அபாய ஒலி எழுப்பப்பட்டுவிட்டது. நடைமுறை நிறைவடைந்தது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் தருக" என்றது. அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். அதற்கும் நன்றி சொன்னது.

வீடு வீடாக ஓடினான். அன்றைக்கென்று பார்த்து, காலை ஒன்பது மணிக்குத்தான் 'கடலோடி' விளையாட்டின் ஒன்பதாம் பாகம் எல்லோருடைய கைத்திரைக்கும் வந்திருந்தது. நான்காம் குமிழிலேயே உருவான விளையாட்டு, ஊர்ப் பெருமை வேறு. கடலைக் கண்ணால் கண்டிராத சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நடுக்கடலில் இருந்தார்கள். இருபத்தாறு கதவுகளைத் தட்டியதில் மூன்று திறந்தன.

"இந்தப் புயல மட்டும் தாண்டிட்டு வந்துடறேண்ணே. இப்ப விட்டா கப்பல் மூழ்கிடும்" என்றான் ஒருவன். "போன மாசமும் இதயேதான சொன்னீங்க?" என்றாள் ஒருத்தி. மூன்றாவது கதவு திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது.

மணி இரண்டு இருபது. மைதீன் நானூறு மீட்டர் நடைகுழாயை ஒரே ஓட்டமாகக் கடந்து முதல் குமிழுக்குப் போய், மரகதத்தின் அறைக்குள் நுழைந்தான்.

மரகதம் விளையாட்டு விமர்சகர். பத்தொன்பது வருடமாக, கைத்திரையில் ஓடும் விளையாட்டானாலும் கூடத்தின் பெருந்திரையில் ஓடுவதானாலும், பத்துக்கு அவர் போடும் எண்தான் செங்குழியில் செல்லும். ஒரு பெட்டி மாம்பழச் சாறு அனுப்பிய தயாரிப்பாளரின் விளையாட்டுக்கு அரை மதிப்பெண் குறைத்தவர். அன்று மூன்று மணிக்குக் 'கடலோடி'யின் மதிப்பெண் வெளியாக வேண்டும். எழுதி முடித்துத் தயாராக வைத்திருந்தார்.

"அக்கா, நாலாங் குமிழு உடையப் போகுது! ஒருத்தரும் கதவத் தொறக்க மாட்டேங்கறாங்க."

"அபாய ஒலி என்னாச்சு?"

"எல்லாரும் மியூட்டுக்கா."

"அதுக்கு எங்கிட்ட வந்து என்ன பண்றது? நான் என்ன மந்திரியா?"

"உங்க மதிப்பெண்ண மட்டும்தான்க்கா யாரும் மியூட் பண்ணல."

மரகதம் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார். பிறகு எழுதி வைத்திருந்ததைத் திறந்து, முதல் பத்தியாக இதைச் சேர்த்தார்: 'நான்காம் குமிழின் அடைப்பு வளையம் கிழிகிறது. நான்கு மணிக்குள் எல்லோரும் முதல் குமிழுக்கு வந்துவிடுங்கள். இது விளையாட்டு அல்ல.' மூன்று மணிக்கு முன் எதையும் வெளியிடக் கூடாது என்ற தொழில் விதியை வாழ்க்கையில் முதல் தடவையாக மீறி, இரண்டு முப்பத்தாறுக்கே வெளியிட்டார்.

செவிமணி விமர்சனத்தைப் படித்துக் காட்டாது. விளையாட்டின் பெயரையும் எண்ணையும் மட்டும் சொல்லும். மற்றதைக் கைத்திரையில் நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும். 'கடலோடி, ஒன்பதரை' என்று எல்லோர் காதிலும் சொன்னது.

மரகதத்தின் திரையில் கணக்கு ஓடியது. நான்காம் குமிழில் மட்டும் திறந்தவர்கள் ஐநூற்று எட்டுப் பேர். சராசரியாகப் படித்த நேரம், இரண்டு நொடி. கருத்துகள் வந்து கொட்டின. 'சூப்பர்க்கா!' 'நான் அப்பவே சொன்னேன்.' 'அரை மார்க் எதுக்குக் குறைச்சீங்க, அதச் சொல்லுங்க முதல்ல.' அந்த அரை மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் இருநூறு பேர் சண்டை போட்டார்கள். ஏன் குறைத்தது என்று ஆறாம் பத்தியில் விளக்கமாக எழுதியிருந்தது.

"எவனாவது நகர்றானா?" என்றார் மரகதம்.

மைதீன் குமிழின் நடமாட்ட வரைபடத்தைப் பார்த்தான். "ஒரு புள்ளிகூட அசையலக்கா. ஒன்பதரைன்னதும் நிம்மதியாயிட்டாங்க போல. இன்னும் நல்லா சாஞ்சு உக்காந்துட்டாங்க."

மணி இரண்டு ஐம்பத்தொன்று.

மரகதம் கருத்துகளை மூடினார். படிக்காத சனங்களை எப்படி எழுப்புவது? பத்தொன்பது வருடமாக அவர்களைப் பார்த்து வருகிறவர். ஒன்றே ஒன்றுக்குத்தான் அவர்கள் வீட்டை விட்டு எழுந்து வருவார்கள். தொழிலுக்கு வந்த ஏழாம் வருடம் ஒரு கார் பந்தய விளையாட்டுக்கு ஐந்து போட்டதற்கு, செருப்போடு வாசலில் வந்து நின்றார்கள். யோசனை வந்ததுமே கண்ணில் நீர் முட்டியது. 'கடலோடி'யை ஆறு வருடம் உட்கார்ந்து செய்த தெய்வானையின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த விளையாட்டின் கடைசிக் கட்டத்தில், அலை காலில் வந்து மோதும் இடத்தில், மரகதம் தேம்பித் தேம்பி அழுதிருந்தார்.

"இத்தன வருஷத்துல ஒரு அரை மார்க்கூடப் பொய்யாப் போட்டதில்ல மைதீன்."

"அக்கா, அறுநூறு உசுருக்கா."

"தெரியும்டா."

"பூஜ்யம் போட்டுடுங்கக்கா!"

"பூஜ்யம் போட்டா ஏதோ கோளாறுன்னு சிரிச்சிட்டு விட்டுடுவாங்க. ரெண்டு போடணும். அப்பதான் வேணும்னே போட்ட மாதிரி இருக்கும்."

மரகதம் எண்ணை மாற்றினார். திருத்தப்பட்ட மதிப்பெண் என்று செவிமணி தனியாக மணியடித்துச் சொன்னது: 'கடலோடி, இரண்டு.'

நான்காம் குமிழ் முழுவதும் அப்படியே உறைந்தது. கப்பல்கள் நடுக்கடலில் நின்றன. பிறகு வரைபடத்தில் ஒரு புள்ளி அசைந்தது. பத்து. ஐம்பது. புயலைத் தாண்டிவிட்டு வருவதாகச் சொன்னவன் கப்பலை மூழ்கவிட்டு ஓடி வந்தான். போன மாதத்தைச் சொல்லிக் காட்டியவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நடந்தாள். விளையாட்டே தெரியாத பெரிசுகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நடைகுழாய் அதிர்ந்தது.

மைதீன் குழாய் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினான். மூன்று நாற்பத்திரண்டுக்கு அறுநூற்றுப் பதினொன்று. ஒன்று குறைந்தது. வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி, குமிழின் தெற்கு ஓரத்தில், அசையாமல் கிடந்தது. தெய்வானையின் வீடு.

அவன் எதிர்த்திசையில் ஓடினான். தரை மெல்ல முனகியது. காதை அடைத்தது. கதவை உடைத்து உள்ளே போனபோது தெய்வானை செவிமணியை மொத்தமாக அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு வருடத் தூக்கம். உலுக்கி எழுப்பினான். கண்ணைத் திறக்காமலே, "மார்க் வந்துடுச்சா? எவ்வளவு?" என்றாள்.

"ரெண்டு."

அவ்வளவுதான், அவனுக்கு முன்னால் அவள் ஓட ஆரம்பித்தாள்.

குழாய்க் கதவு அவர்களுக்குப் பின்னால் அடைத்துக்கொண்டபோது மூன்று ஐம்பத்தேழு. நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நான்காம் குமிழ் கிழிந்தது. நாற்காலிகளும் பாத்திரங்களும் கைத்திரைகளும் செம்மண் வெளியில் சிதறின. முதல் குமிழின் கண்ணாடி வழியாக எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டார்கள்.

கனகசபை வாத்தியார் மரகதத்தின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். "உசுரக் காப்பாத்தினீங்கம்மா, அத நான் இல்லேங்கல. ஆனா முப்பது வருஷமா பேப்பர் திருத்தறேன். ரெண்டு ரொம்ப அநியாயம்."

"அதானே!" என்றார்கள் பத்துப் பேர்.

மறுநாள் மரகதம் மதிப்பெண்ணைத் திரும்பவும் ஒன்பதரை ஆக்கி, நடந்ததையெல்லாம் விளக்கி நான்கு பக்கம் எழுதினார். எண் ஏறியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். 'பயந்துட்டாங்க' என்றார்கள் சிலர். 'காசு வாங்கிட்டாங்க' என்றார்கள் மற்றவர்கள்.

மூன்றாம் நாள் மரகதத்தின் திரைக்கு ஒரு மனுவின் நகல் வந்தது. 'கடலோடிக்கு இரண்டு மதிப்பெண் போட்ட அநியாயத்தைக் கண்டிக்கிறோம்' என்பது தலைப்பு. கீழே, கைக்குழந்தையின் ரேகை உட்பட, அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள். முதல் கையெழுத்து தெய்வானையுடையது. ஊரே திட்டட்டும், தெய்வானையுமா? மரகதம் அப்படியே அழித்துவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டார். தொழிலை விட்டு விலகுவதாக மறுநாள் இரண்டு வரி எழுதி அனுப்பினார். அதன் பிறகு கதவைத் திறக்கவே இல்லை.

ஐநூறு கையெழுத்துக்கு மேல் சேர்ந்த மனுவை ஏழு நாளுக்குள் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்பது செங்குழிச் சட்டம். ஆணையர் மனுவை வாங்கிக்கொண்டு, "எத்தன போட்டாளாம்?" என்று கேட்டார். "ரெண்டுங்க" என்றார் உதவியாளர். "அடப்பாவமே!" என்று கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் நாள் காலை மரகதத்தின் அறைக்கு வெளியே துளையிடும் சத்தம் காதைக் கிழித்தது. கதவைத் திறந்தார். முதல் குமிழின் ஓரம் முழுக்க ஆட்கள் பழைய அடைப்பு வளையத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். புது வளையம் சுருள் சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் மைதீன், உடம்பெல்லாம் பசையோடு.

"என்னடா இது?"

"எல்லாக் குமிழுக்கும் புது வளையம்க்கா. மூணு தடவ ரிப்போர்ட்டு குடுத்தேன், யாரு படிச்சா? அதான் மனுவா எழுதி, மேல உங்க ரெண்டு மார்க்கத் தலைப்பாப் போட்டேன். ஒரே நாள்ல அத்தன கையெழுத்தும் விழுந்துடுச்சு. ஒருத்தரும் உள்ள படிக்கல. தெய்வானையக்கா மட்டும் முழுசாப் படிச்சாங்க, சிரிச்சிக்கிட்டே முதல்ல போட்டாங்க. கடைசிப் பத்தியில உங்களுக்கு நன்றி சொல்லி எழுதச் சொன்னதே அவங்கதான்." நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "உங்களுக்குத்தான் நகல் வந்திருக்குமே?"

"வந்துச்சு."

"அப்புறம் எதுக்குக்கா வேலைய விடறேன்னு எழுதினீங்க?"

மரகதம் கைத்திரையை எடுத்து, அழித்துவிட்ட மனுவைத் தேடினார். மைதீன் அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தான்.

"அக்கா... நீங்களும் தலைப்போட நிறுத்திட்டீங்களா?"