முதல் பாட்டு அவர்களுக்கு

பெயர்த்தெடுத்த தரைப்பலகையின் அடிப்பக்கம் வழவழவென்றிருந்தது. வாரன் கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தான். இத்தனை காலமும் மண்ணைப் பார்த்துக் கிடந்த பக்கம், மேல்பக்கத்தைப் போலவே காலடிபட்டுத் தேய்ந்து பளபளத்தது.

"திருப்பிப் போட்டிருப்பாங்கடா," என்றான் கூட்டாளி ரெவி. "சட்டுனு இறங்கிப் பாரு. குளிர்ல செத்துருவேன் போலருக்கு."

நியூசிலாந்தின் தெற்குக் கோடியில், கெல்வர்ன் என்ற சிற்றூரின் போர் நினைவு மண்டபம் அது. மரத்தரை நடுவில் தொய்ந்துபோனதால் அடிக்கட்டைகளைப் பார்க்கத் தச்சர்கள் இருவரும் வந்திருந்தார்கள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐலா, சாவி கொடுத்தபோது தேநீர் ஊற்றியபடியே மண்டபத்தின் கதையைச் சொல்லியிருந்தாள். முதல் உலகப் போருக்குப் போன ஊர்ப் பையன்கள் பிரான்ஸ் சேற்றிலேயே புதைந்துபோனார்கள். ஓர் உடல்கூடத் திரும்பவில்லை. கல்தூண் வேண்டாம், பிள்ளைகள் ஆட ஒரு தரை வேண்டும் என்று தாய்மார்கள் பிடிவாதமாக நின்று கட்டவைத்தது இது. நடன விருந்துகளில் முதல் பாட்டுக்கு யாரும் தரையில் கால் வைக்க மாட்டார்கள். அது பையன்களுக்கு. நடனங்கள் நின்று வெகுகாலமாயிற்று.

வாரன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குப்புற ஊர்ந்தான். முழங்கால் உயரம்தான் இடைவெளி. ஈரமண் வாடையும் எலிப்புழுக்கை நாற்றமும் மூக்கில் ஏற, அவற்றுக்கடியில் எங்கிருந்தோ, புதிதாய்த் தேய்த்த பூட்ஸ் பாலிஷின் வாசனை மெல்ல வந்தது. நடுப்பகுதியை அடைந்தபோது தலைக்கு மேலே சரக், சரக் என்று காலடி.

"ரெவி, மேல நடக்காத. தாங்காது."

பதில் வெளியே, தூரத்திலிருந்து வந்தது. "நான் வண்டிகிட்டல்ல நிக்கறேன்?"

காலடி நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. பல ஜோடிக் கால்கள். ஆனால் தூசி உதிரவில்லை. சத்தம் பலகைக்கு மேலே இல்லை.

இந்தப் பக்கம்.

டார்ச்சைத் திருப்பினான். பூட்ஸுகள். பலகையின் அடியில், தலைகீழாக. அவற்றிலிருந்து கீழ்நோக்கி இறங்கிய கால்கள், முழங்காலோடு மண்ணுக்குள் போயிருந்தன. மண் தண்ணீராய் விலக, சுழன்று ஆடின.

பின்னால் நகர்ந்தான். பின்னாலும் கால்கள்.

முகத்தருகே ஒரு ஜோடி நின்றது. கீழே மண் பிளந்தது. ஒரு கை. உள்ளங்கை விரித்து, மரியாதையாக நீண்டு, காத்திருந்தது.

அவனுடைய பூட்ஸ் இரண்டும் தாமாகவே மேலெழும்பிப் பலகையில் பதிந்தன.

முகம் மண்ணைத் தொட்டது. மண் வழிவிட்டது.