விளக்கு போட்ட படம்

கையில் ரோஜாப்பூ மாலையோடு ஒருவன் மழையில் நனைந்துகொண்டு நின்றான். அவளைத்தான் பார்த்தான்.

பம்மல் பஸ் ஸ்டாப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டமில்லை. 'படம் வரையணும், பேனர் கிட்ட வா' என்று போனில் ஒரு ஆண் குரல் கூப்பிட்டதால்தான் அபிகாயில் ஓடி வந்திருந்தாள். குடையைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தாள். இந்தக் கண்... இந்த இமை... ஐயோ, அவனேதான்!

"அபிகாயில்ன்றது நீதானா?"

"ஆமா..."

"இந்தா, வச்சிக்கோ."

மாலையை நீட்டினான். அவளுக்குக் காது வரை சூடேறியது. "எ... எனக்கா?"

"எனக்குப் போட எடுத்தாந்தது. நான்தான் சாவலியே... வச்சிக்கினு இன்னா பண்றது?"

மேலே கையைக் காட்டினான். படம் வரைந்து தருவதாகத் தான் கொடுத்த விளம்பரப் பேனரை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். நடுவில் அவள் பென்சிலில் வரைந்த அவன் முகம். கீழே அவளே யோசித்து யோசித்து எழுதிய வரி: 'என்றும் நினைவில்... உங்கள் அன்பு முகம்.' அதற்கும் கீழே அவள் பெயர், போன் நம்பர். எல்லாம் சரி. ஆனால் முகத்துக்கு இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு எங்கிருந்து வந்தது?

பேனர் கடைக்காரன் வைத்தது. கறுப்பு வெள்ளைப் படம், 'நினைவில்' என்று ஒரு வார்த்தை... இரங்கல் பேனர் என்று முடிவுகட்ட அவனுக்கு அது போதும். கை பழகிய வேலை. அவன் ஆட்களே கட்டியும் விட்டார்கள். இவள் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு கையுறை அடுக்குகிறவள். இடுப்பு விட்டுப்போகும் அந்த வேலையிலிருந்து இந்தப் பென்சில் தன்னை வெளியே இழுத்துவிடாதா என்று ஏங்குகிறவள். பேனரைப் பார்க்கக்கூட நேரமில்லை.

அவனை வரைந்தது சானடோரியம் ஸ்டேஷன் படிக்கட்டில். அன்றும் மழைதான். வேலை முடித்து அசந்துபோய், சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். சுவருக்குப் பூசும் பட்டி மாவு இமையெல்லாம் படிந்து, கண்ணுக்குள் மட்டும் மழை மினுமினுத்தது. சாம்பிளுக்கு ஒரு முகம் தேவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வரைந்தாள்...

"பொணத்த எப்ப எடுக்கறாங்கன்னு எங்க சொந்தக்காரங்க உனுக்கு போன் பண்ணாங்களாமே? ஞாயித்துக்கெழம காலைலன்னு சொன்னியாம்!"

அபிகாயில் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது... 'எப்பம்மா எடுக்கறீங்க'ன்னு கேட்டாங்க. நான் ஆர்டர் எடுக்கறதைத்தான் கேக்கறாங்கன்னு நினைச்சு..."

"ஆர்டரா?"

"ஒருத்தர் 'ஐயோ பாவம்'னு வேற சொன்னாரு. எனக்குப் புரியலை சார்..."

அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளுக்கும்தான். சட்டென்று அவன் நிறுத்தினான்.

"சிரிக்காத. எங்கம்மா வூட்ல தனியா கீது. காலைல சொந்தக்காரங்க மாலையோட வந்து நிக்கறாங்க. நான் பொத்தேரில கயித்துல தொங்கிக்கினு பெயின்ட் அடிக்கிறேன், போனு கீழ பையில. சோறு துன்ன எறங்கினப்பதான் பாத்தேன்... அதுவரிக்கும் நான் வுழுந்து செத்துட்டேன்னு அது நெஞ்சுல அடிச்சிக்கினு கெடந்திருக்கு."

அவன் பெயர் தீனா. கம்பத்தில் ஏறிக் கயிற்றை அறுத்துப் பேனரை இறக்கினான். கிழிப்பான் என்று பார்த்தாள். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"கிழிக்கலையா?"

"பட்டி பூசற மூஞ்சிய இவ்ளோ நேரம் எவ பாத்திருக்கா..." என்றவன், அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிட்டான்.

மறுநாளே பொழிச்சலூரில் அவன் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனாள் அபிகாயில். வாசலிலேயே நிறுத்தினாள் தீனாவின் அம்மா தனக்கோடி. திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"உம்மேல கோவம் இல்லம்மா. உன் மூஞ்சியப் பாத்தா அந்தப் பகல் வருது. இந்த வாசப்படி மட்டும் ஏறாத."

ஏறவில்லை. ஆனால் ஸ்டேஷன் படிக்கட்டை யார் தடுப்பது? அவன் வருவான், இவளும் வருவாள். "இன்னா ஆர்டர்காரம்மா, இன்னிக்கு யார எடுக்கற?" என்று வம்பிழுப்பான். அவளுக்கு ஆர்டர் வராமலில்லை. விளக்குப் பேனர் போட்ட பொண்ணு என்று பேராகி, செத்தவர்களை வரையச் சொல்லித்தான் வந்தார்கள். இருக்கிறவர்களை வரையச் சொல்லி ஒருத்தரும் வரவில்லை. அழுத கண்ணோடு அவர்கள் நீட்டும் போட்டோவை வாங்கும்போதெல்லாம் தனக்கோடியின் முகம்தான் தெரிந்தது.

நடுநடுவே தீனாவின் போன் அடிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் உயிரோடு இருக்கிறானா என்று அம்மா ஓயாமல் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான்: "கீறியாடா?"

மறுபடியும் மழைக்காலம். படிக்கட்டில் அவன் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான்.

"அம்மா பொண்ணு பாத்துகினு கீது, அபி."

அவள் குடையை மடித்து வைத்தாள். "கட்டிக்க. படி ஏறக்கூடாதுன்ன வீட்ல எனக்கென்ன வேலை? கல்யாணத்துக்கு ஜோடியா வரைஞ்சு தரேன்... விளக்கு இல்லாம."

அவன் சிரிக்கவில்லை.

"கயித்து வேலைய வுட்டுட்டேன்."

"ஏன்?"

"நேத்து மேல இருந்து கீழ பாத்துட்டேன். இத்தினி வருசம் பாத்ததே இல்ல... நான் வுழுந்தா அம்மாவுக்கு யாராச்சும் மாலையோட வந்து சொல்வாங்க. உன்கிட்ட யாரு வந்து சொல்வா? நீ எனக்கு யாருன்னு எவனுக்குத் தெரியும்?" குனிந்து தன் காலைப் பார்த்தான். "காலு நடுங்கிச்சு. எறங்கிட்டேன். உன்ன எவ்ளோ புடிச்சிருக்குன்னு அப்பதான்..."

மழை படிக்கட்டில் வழிந்து இருவர் காலையும் நனைத்தது. கயிற்று வேலையை விட்டால் அவனுக்கு வேறு வேலை தெரியாது. இருவருக்கும் அது தெரிந்தது.

"அந்தப் படம் சாம்பிளுக்கு இல்ல, தீனா" என்றாள் அவள். "கண்ணை எடுக்க முடியலை. சும்மா பாத்துட்டே இருந்தா தப்பா நினைப்பாங்கன்னு பென்சிலை எடுத்தேன்."

"அப்ப இன்னொரு வாட்டி வரையேன்."

"வேணாம். இனிமே உன்னை வரைய மாட்டேன்." அவன் கையைப் பிடித்தாள். காப்புக் காய்த்த விரல்களோடு தன் விரல்களைக் கோத்துக்கொண்டாள். "நீ இரு... போதும்."

போன் அடித்தது. அவள் கையை விடாமலே, இன்னொரு கையால் எடுத்தான்.

"கீறேம்மா..." என்றான். "கீழதான் கீறேன்."

யாரோடு என்று சொல்லவில்லை.