வியர்க்காத பை

காலை 6.40. நாற்றுப்பண்ணையின் வலைக்கூடாரத்தைத் திறந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். நான்கு நாள்களுக்கு முன் புது உரத்தில் நட்ட முந்நூறு தக்காளிக் கன்றுகளும் கருகித் தலை சாய்ந்திருந்தன. பழைய உரத்தில் நட்ட ஓர வரிசை மட்டும் ஒன்றுமே நடவாததுபோல் நிமிர்ந்து நின்றது.

"தோட்டக்காரர் வேலைதான். களைக்கொல்லி கலந்த பூவாளியைக் கழுவாம தண்ணி ஊத்தியிருப்பார்," என்றான் தம்பி. வீட்டுக்குப்பையைக் கொட்டகையில் மட்கவைத்து உரமாக்குவது அவன் பொறுப்பு.

"பன்னெண்டு வருஷமா ஊத்துறேம்மா. எந்த வாளி எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் பின்னாலேயே வந்த தோட்டக்காரர்.

"சாவியை வெச்சுட்டுப் போங்க," என்றாள் அக்கா. அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார்.

9.10. மண் பரிசோதனைக்கூடத்தில் பணிபுரியும் அவளுடைய பள்ளித்தோழி வந்தாள். எதையும் முதலில் முகர்ந்து பார்ப்பவள், பட்டப்பெயர் மூக்கு.

"ஓர வரிசைக்கு யாருடி தண்ணி ஊத்தினது?"

"அவர்தான். அதே பூவாளி."

"களைக்கொல்லி மட்டும் ஆள் பாத்துக் கொல்லுதோ?"

மூக்கு செத்த கன்றொன்றைப் பிடுங்கினாள். வேர்நுனி கறுத்திருந்தது, மண்ணில் அமோனியா நெடி. மூலையிலிருந்த சாக்கில் கைவிட்டாள். அதே உரம், பொடிப்பொடியாக, எந்த நெடியும் இல்லாமல் இருந்தது.

"உரம் பக்குவமாயிடுச்சான்னு சோதிச்சீங்களா?"

"ஒரு பிடியைப் பையில போட்டு ஒரு வாரம் கட்டிவெச்சேன். கெட்ட வாடையே இல்ல," என்றான் தம்பி. அலமாரியிலிருந்து இறுகக் கட்டிய கண்ணாடித்தாள் பையை எடுத்துத் தந்தான். அவன் கையெழுத்தில் தேதி இருந்தது.

"ஈரமாத்தானே கட்டினே?"

"ஈரமாத்தான்."

மூக்கு பையை வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு தோழியின் பக்கம் திரும்பினாள்.

"உன் தம்பிதான்டி."

பையை அக்காவிடம் நீட்டினாள்.

"ஈர உரத்தை ஒரு வாரம் கட்டிவெச்சா உள்பக்கம் வியர்த்து நீர்த்துளி நிக்கும். இதுல ஒரு சொட்டு இல்ல. வெயில்ல காயவெச்சுக் கட்டியிருக்கான். காஞ்சா அரைகுறை உரமும் நல்ல பிள்ளையாத் தூங்கும். தண்ணி பட்டதும் முழிச்சு, அமோனியா விட்டு வேரைக் கருக்கும். தோட்டக்காரர் செஞ்ச குத்தம், ஒழுங்கா தண்ணி ஊத்தினது."

அக்காவுக்குப் இரண்டு வாரங்களுக்கு முன் மாடியில் விரித்திருந்த தார்ப்பாய் நினைவுக்கு வந்தது. 'மழைக்கு நனைஞ்சிடுச்சுக்கா, காயப்போட்டிருக்கேன்' என்றிருந்தான். அந்த வாரம் முழுக்க மழையே இல்லை.

"ஆறு வாரமா குவியலைக் கிளறவே இல்லக்கா," என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி. "நீ நடவுத் தேதி சொல்லிட்டே. உரம் பக்குவமாகலைன்னு சொல்ல வாய் வரல."

"அவர் பேரைச் சொல்ல மட்டும் வாய் வந்துச்சு."

"அக்கா..."

"கன்னு போனா மறுபடி நட்டுக்கலாம்டா. உன் சொல்லை நம்பி அந்த மனுஷன் முகத்தை எப்படிப் பார்த்தேன் தெரியுமா?"

அவள் மேசைமேல் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு, தோட்டக்காரர் வீட்டுக்குக் கிளம்பினாள். கூடார வாசலில் ஒருகணம் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் வர்றதுக்குள்ள உன் உரக் கொட்டகைச் சாவியை அந்த மேசைமேல வை."