கழுத்தில் காய்ப்பு இல்லாத மாடு

சுபஹு தொழுகை முடிந்து அடுப்பு மூட்டும் முன்பே அந்த வீட்டில் சண்டை மூண்டுவிட்டது. சண்டை என்றால் ஒருத்தி பேச, மற்றவள் கேட்டுக்கொண்டிருப்பது. பேசியவள் மாமியார் சித்தி றலியா. கேட்டவள் மருமகள் றம்லத். ஏழு வருஷமாக அந்த முறை மாறியதே இல்லை.

"மாட்டுல என்ன குத்தத்தக் கண்டாய்? சொல்லு!"

"கழுத்துல காய்ப்பு இல்ல மாமி. முதுகுலதான் மூட்டை தேஞ்ச தழும்பு இரிக்கி. இது சொமந்த மாடு... வண்டி இழுத்த மாடில்ல."

முற்றத்தில் அந்தக் கூண்டு வண்டி நின்றது. சித்தி றலியாவின் அண்ணன் மகன் ஜவாஹிர் முந்தின நாள்தான் விற்றுவிட்டுப் போயிருந்தான். வண்டி எங்கோ பழசாக வாங்கியது. மாடு அவனுடைய தவளத்து மாடு. கோப்பித் தோட்டங்களுக்கு வண்டிப் பாதை வெட்டுவதற்கு முன், மாடுகள் உப்பையும் பாக்கையும் முதுகில் சுமந்து மலைப்பாதையில் வரிசையாகப் போகுமே, அதுதான் தவளம். கலகெதரவில் இவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தவளக்காரர்கள். மாடு வாங்கப் போனால் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்துவார்கள். அசையாமல் நின்றால் கயிற்றை வாங்கிக்கொள்வார்கள். றம்லத்தின் புருஷன் ஜமால்தீனும் அப்படித்தான் அழுத்தினான். மாடு அசையவில்லை. கயிறு கைமாறிவிட்டது. இனிமேல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொந்தக்காரனிடம் கேட்பது அவன் முகத்தில் அறைவதற்குச் சமம்.

றம்லத்தின் வாப்பாவோ வண்டிக்காரர். கண்டியிலிருந்து கொழும்புக்குக் கோப்பி ஏற்றியே முதுகு வளைந்தவர். நுகம் உரசிக் காய்த்த கழுத்தைத் தடவிப் பார்த்துத்தான் அவர் மாடு வாங்குவார். சின்ன வயதில் கண்ணால் கண்டதை அவளால் எப்படிச் சொல்லாமல் இருக்க முடியும்?

"ஏத்தத்துல இழுக்கும் மாமி. எறக்கத்துல பாரம் பின்னால இருந்து தள்ளும். அது இந்த மாட்டுக்குப் பழக்கமில்ல. பாயிஸா நெறமாசமா வரப்போறா..."

அந்தப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரப்போகும் ஒரே மகளின் பெயர் அது. சித்தி றலியாவின் முகம் கறுத்துப் போயிற்று.

"அதுதானே பாத்தன்! ஏழு வருஷமா ஒன்ட வயித்துல ஒண்டும் தங்கல்ல. என்ட மகள் புள்ளத்தாச்சியா வாரது ஒனக்குப் பொறுக்கல்ல. வண்டிக்காரன்ட மகள் தவளக்காரனுக்கு மாடு பாக்கப் படிச்சித் தாராவாம்!"

றம்லத் புருஷனைப் பார்த்தாள். அவன் மாட்டுக்கு வைக்கோலை உதறிக்கொண்டிருந்தான், காது கேளாதவன் போல. மாமியாரின் பேச்சை அவள் தாங்கிக்கொள்வாள். இந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

பாயிஸாவை அழைத்துவரக் கண்டிக்குப் புறப்பட்டார்கள். ஊரை விட்டதும் நீண்ட ஏற்றம். மாடு அருமையாக இழுத்தது. "இப்ப என்ன சொல்றாய்?" என்று சித்தி றலியா வளைவுக்கு வளைவு கேட்டாள். றம்லத் மாட்டின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பாயிஸாவை மெத்தையில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு திரும்பினார்கள். கட்டுகஸ்தோட்டை தாண்டி வெகுதூரம் சமதரை, அதிலும் குறையில்லை. ஊர் நெருங்கும் அந்தப் பெரிய இறக்கத்தின் உச்சியில் றம்லத் சட்டென்று கீழே குதித்தாள்.

"பாயிஸா, எறங்கு தங்கச்சி. மெதுவா..."

"நெறமாசப் புள்ளைய நடக்க வெக்கிறியா பாவி!" சித்தி றலியாவும் தடுப்பதற்காக இறங்கி ஓடிவந்தாள்.

"அவ எடத்துல நான் ஏறுறன் மாமி. இந்த மாடு என்னப் பத்திரமா கீழ கொண்டுபோய் எறக்கினா, நான் அப்பிடியே என்ட உம்மா ஊட்டுக்குப் போறன். திரும்பி வர மாட்டன். இது போதுமா?"

பாயிஸா மெதுவாக இறங்கினாள். "மதினி... வேணாம் மதினி..." என்று அவள் கையைப் பிடித்தாள். றம்லத் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ஏறி அந்த மெத்தையில் உட்கார்ந்தாள். கண்கள் நிறைந்து பாதை தெரியவில்லை. ஜமால்தீன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நடந்தான்.

இருபது அடிகூடப் போகவில்லை. பாரம் பின்னாலிருந்து கழுத்தில் இடித்ததும் மாடு வெருண்டது. தலையைத் தூக்கித் திமிறியது. கயிறு ஜமால்தீனின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போயிற்று. வண்டி கண்மண் தெரியாமல் ஓடி, வளைவில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க, கூண்டோடு சரிந்தது.

"யா அல்லாஹ்!"

செருப்பைக் கூடப் பார்க்காமல் ஓடிய சித்தி றலியாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். றம்லத் ஓரமாக வீசப்பட்டுக் கிடந்தாள். நெற்றியில் இரத்தம், இடது கை முறிந்து தொங்கியது. ஆனால் கிழவியின் கண் கூண்டுக்குள்தான் நிலைத்து நின்றது. பாயிஸா சாய்ந்திருந்த இடத்தில், முறிந்த மூங்கில் ஒன்று மெத்தையைக் கிழித்துக்கொண்டு நின்றது.

ஜமால்தீன் ஆத்திரத்தில் கம்பை எடுத்து மாட்டை அடிக்க ஓங்கினான்.

"அடிக்காதீங்க!" றம்லத் ஈனக்குரலில் கத்தினாள். "அதுல என்ன பிழ? அதுக்குத் தெரியாத வேலைய நாங்கதானே குடுத்த..."

சித்தி றலியா மகன் கையிலிருந்த கம்பைப் பிடுங்கினாள். "அவ்வளவு சொன்னாளே, ஒரு வார்த்த கேட்டியாடா? வாயிருந்தும் ஊமையா நிண்டாய். நான் வாயாலேயே அவளக் கொன்னுட்டன்! அடிக்கிறதெண்டா இந்தா, என்ட வாய்க்கு அடி!"

கம்பை அவன் காலடியில் எறிந்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து, மருமகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஓவென்று அழுதாள்.

"என்ட ரெண்டு உசிரக் காப்பாத்தினாய் மகள்... ஒன்னப் போய் புள்ள இல்லாதவளெண்டு சொன்னேனே!"

மேலேயிருந்து மெல்ல மெல்ல நடந்து வந்த பாயிஸாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜமால்தீன் தோல் உரிந்த கையால் மனைவியின் முகத்து இரத்தத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க அவனுக்கும் அழுகை வந்தது.

"றம்லத்... நீ ஒன்ட உம்மா ஊட்டுக்குப் போறண்டு சொன்னியே..."

"மாடு என்னப் பத்திரமா எறக்கல்லியே," என்றாள் அவள், வலியிலும் சிரித்து. "பொறகு நான் எப்பிடிப் போற?"